மும்முனை மோட்டாரை மின்னழுத்தம் குறைத்துத் தொடங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மும்முனை மோட்டாரைத் தொடங்க, வைண்டிங் (கம்பிச்சுருள்) இணைப்பை மாற்றும் ஸ்டார்-டெல்டா போதுமா, மின்னணு முறையில் மின்னழுத்தத்தை மெல்ல உயர்த்தும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் வாங்க வேண்டுமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மோட்டாரின் கிலோவாட்டை மட்டும் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்கள். அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. மோட்டார் எதைச் சுழற்றப்போகிறது, அந்தச் சுமை அசையத் தொடங்க எவ்வளவு முறுக்குவிசை (சுழற்றும் விசை) கேட்கிறது, மின்சாரம் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு பெரியது ஆகிய மூன்றும் தெரிந்த பிறகே தேர்வு தொடங்குகிறது. மூன்றில் முதலில் பார்க்க வேண்டியது சுமை. மின்னழுத்தத்தைக் குறைக்கும் எந்த முறையும் மின்னோட்டத்தோடு சேர்த்து முறுக்குவிசையையும் குறைத்துவிடும், அதுவும் தாராளமாகவே குறைக்கும்.

தொடக்க நொடிகளில் நடப்பது

நின்றுகொண்டிருக்கும் இண்டக்‌ஷன் மோட்டாருக்கு முழு மின்னழுத்தம் கிடைத்தவுடன், ஸ்டேட்டர் என்ற நிலைப்பகுதியின் சுழல் காந்தப்புலம், ரோட்டார் என்ற சுழலும் பகுதியின் இன்னும் அசையாத கடத்திகளை முழு வேகத்தில் வெட்டிச் செல்கிறது. ரோட்டாரில் பெருமளவு மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அதற்கு ஈடாக ஸ்டேட்டரும் இழுக்கிறது. முழுச்சுமை மின்னோட்டத்தைப்போல் 6 முதல் 8 மடங்கு என்பது வழக்கமான அளவு. ஐஇ3 என்ற உயர் செயல்திறன் வகை மோட்டார்களில் இது பழைய மோட்டார்களைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும்.

இங்கே பலர் தவறவிடும் ஒரு செய்தி உண்டு. தொடக்க மின்னோட்டத்தின் அளவைச் சுமை தீர்மானிப்பதில்லை. வெறுமனே சுழலும் மோட்டாரும் நிறைசுமையோடு இணைத்த மோட்டாரும் முதல் கணத்தில் ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் இழுக்கும். அது எத்தனை நொடி நீடிக்கும் என்பதைத்தான் சுமை தீர்மானிக்கிறது.

இனி அடிப்படை விதி. மோட்டார் முனையில் மின்னழுத்தத்தைக் குறைத்தால் மோட்டாரின் மின்னோட்டம் அதே விகிதத்தில் குறையும்; முறுக்குவிசையோ அந்த விகிதத்தின் வர்க்கத்துக்கு இறங்கும். 80% மின்னழுத்தத்தில் 64% முறுக்குவிசை. 50% மின்னழுத்தத்தில் வெறும் 25%. இந்தக் கட்டுரையின் எல்லாக் கணக்குகளும் இதிலிருந்துதான் வருகின்றன.

மின்னழுத்தம் குறைத்துத் தொடங்கினால் மோட்டார் குறைவாகச் சூடாகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது உண்மைக்கு எதிரானது. சுமையே இல்லாத நிலையில், ஒரு சக்கரத்தை முழு வேகத்துக்குக் கொண்டுவரும்போது ரோட்டாரில் வெப்பமாகும் ஆற்றல் அந்தச் சக்கரம் பெறும் இயக்க ஆற்றலுக்குச் சமம். மின்னழுத்தம் எவ்வளவு என்பது பொருட்டில்லை. சுமையும் சேர்ந்து எதிர்த்தால், மின்னழுத்தம் குறையக் குறைய ரோட்டார் வெப்பம் கூடுகிறது. இந்த முறைகளால் பயன் பெறுவது மின்வழங்கலும், கப்ளிங், பெல்ட், கியர்பாக்ஸ், குழாய் போன்ற இயந்திர உறுப்புகளும்தான்.

முதல் படி: சுமையைப் படியுங்கள்

சுமைகளை மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம். மையவிலக்குப் பம்ப், ஃபேன் போன்றவற்றில் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். பாதி வேகத்தில் கால் பங்கு முறுக்குவிசை போதும். குறைந்த மின்னழுத்தத் தொடக்கத்துக்கு இவைதாம் நல்ல வேட்பாளர்கள். கன்வேயர், சுமையோடு நிற்கும் பிஸ்டன் கம்ப்ரசர், பாரம் தூக்கும் இயந்திரம் ஆகியவை முதல் சுற்றிலேயே முழு முறுக்குவிசையைக் கேட்கும். நிரம்பிய கன்வேயர் முழுச்சுமையைவிட அதிகமாகவும் கேட்கக்கூடும். மூன்றாவது கூட்டம், எதிர்ப்பு குறைவாகவும் நிலைமம் (வேகமாற்றத்தை எதிர்க்கும் தன்மை) மிக அதிகமாகவும் இருப்பவை: பெரிய ஃபேன், ஃப்ளைவீல் உள்ள அச்சு இயந்திரம், மையவிலக்குப் பிரிப்பான். இவை அசைந்துவிடும், ஆனால் வேகம் எடுக்க நெடுநேரம் ஆகும்.

பம்பில் வால்வின் நிலையும் கணக்கில் வரும். ஆரப்போக்கு மையவிலக்குப் பம்பை வெளியேற்ற வால்வை மூடித் தொடங்கினால் முழு வேகத்தில்கூட ஏறத்தாழ பாதி முறுக்குவிசைதான் தேவைப்படும். அச்சுப்போக்குப் பம்பில் இது தலைகீழ்: வால்வு மூடியிருந்தால் சுமை கூடும், திறந்து வைத்தே தொடங்க வேண்டும். பம்பின் வகையைப் பார்க்காமல் ‘வால்வை மூடித் தொடங்கு’ என்று பலகை மாட்டிவிடக் கூடாது.

இரண்டாம் படி: பெயர்ப்பலகையும் தரவுத்தாளும்

பெயர்ப்பலகையில் முழுச்சுமை மின்னோட்டம், வேகம், மின்னழுத்த இணைப்பு ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 400 வோல்ட் வழங்கலில் ஸ்டார்-டெல்டா வேண்டுமானால் பலகையில் டெல்டா 400, ஸ்டார் 690 என்று இருக்க வேண்டும். டெல்டா 230, ஸ்டார் 400 என்று இருந்தால் அந்த மோட்டாரை அங்கே ஸ்டார்-டெல்டாவில் தொடங்கவே முடியாது. அதை 400 வோல்ட்டில் டெல்டாவாக மாற்றினால் ஒவ்வொரு வைண்டிங்குக்கும் உரிய அளவைப்போல் 1.73 மடங்கு மின்னழுத்தம் போய், இரும்பு நிறைசெறிந்து, வைண்டிங் எரிந்துவிடும். முனைப்பெட்டியில் 6 முனைகளும் வெளியே வந்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

தொடக்க மின்னோட்ட மடங்கு, தொடக்க முறுக்குவிசை மடங்கு, வேகமெடுக்கும்போது இடையில் வரும் குறைந்தபட்ச முறுக்குவிசை, உச்ச முறுக்குவிசை ஆகியவை தயாரிப்பாளரின் தரவுத்தாளில் இருக்கும். இடைக் குறைந்தபட்சத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. மோட்டார் அசைந்து, பாதி வேகத்துக்கும் வராமல் ஒரு வேகத்திலேயே தொங்கிக்கொண்டு நின்றால், பெரும்பாலும் அந்த எண்தான் காரணம்.

மூன்றாம் படி: கணக்குப் போடுங்கள்

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். 75 கிலோவாட், 400 வோல்ட், நிமிடத்துக்கு 1480 சுற்று, முழுச்சுமையில் 135 ஆம்பியர், தொடக்க மின்னோட்டம் 7 மடங்கு, தொடக்க முறுக்குவிசை 2 மடங்கு.

முழுச்சுமை முறுக்குவிசை: 9550-ஐ 75-ஆல் பெருக்கி 1480-ஆல் வகுத்தால் 484 நியூட்டன் மீட்டர். நேரடித் தொடக்கத்தில், அதாவது டி.ஓ.எல். முறையில், 968 நியூட்டன் மீட்டரும் 945 ஆம்பியரும் கிடைக்கும். இந்த 945 ஆம்பியர் 655 கே.வி.ஏ. (கிலோவோல்ட்-ஆம்பியர்) திறனுக்குச் சமம்.

இந்த மோட்டார் 250 கே.வி.ஏ., 4% மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) உள்ள டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கட்டும். அதன் குறுக்குச்சுற்றுத் திறன் 250-ஐ 0.04-ஆல் வகுத்தால் கிடைக்கும் 6250 கே.வி.ஏ. மின்னழுத்த வீழ்ச்சியைத் தோராயமாகக் காண, தொடக்கத் திறனை, அதுவும் குறுக்குச்சுற்றுத் திறனும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் போதும்: 655-ஐ 6905-ஆல் வகுக்க, 9.5%. கேபிள் வீழ்ச்சி இதற்கு மேல். அதே டிரான்ஸ்ஃபார்மரில் விளக்குகளும் கணினிகளும் இருந்தால் இந்த வீழ்ச்சி எல்லோர் கண்ணிலும் படும். தொடக்க மின்னோட்டத்தை மூன்றில் ஒன்றாக்கும் ஸ்டார்-டெல்டாவில் இது ஏறத்தாழ 3.4% ஆகிவிடும்.

டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் அதே 250 கே.வி.ஏ. ஜெனரேட்டர் என்றால் கதையே வேறு. ஜெனரேட்டரின் நிலைமாற்ற மின்மறுப்பு 20% அளவில் இருப்பதால் குறுக்குச்சுற்றுத் திறன் 1250 கே.வி.ஏ.தான். நேரடித் தொடக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு மின்னழுத்தம் காணாமல்போகும். மோட்டாரை இணைக்கும் மின்காந்த சுவிட்சுகளான காண்டாக்டர்கள் பிடியை விட்டுவிடக்கூடும். காண்டாக்டர் காயில் 85% மின்னழுத்தத்தில் இழுத்துக்கொள்ள வேண்டும் என்பதே சர்வதேசத் தரம் கேட்பது; அதற்குக் கீழே உத்தரவாதம் இல்லை. ஸ்டார்-டெல்டாவிலேயே 15% வீழ்ச்சி வரும். ஆக, ஜெனரேட்டரில் ஓடும் மோட்டாருக்குத் தனிக் கணக்கு வேண்டும்; டிரான்ஸ்ஃபார்மரில் ஓடியது என்பதால் ஜெனரேட்டரிலும் ஓடும் என்று நினைக்க வேண்டாம்.

அடுத்து, வேகமெடுக்கும் நேரம். அதே மோட்டார் ஒரு பெரிய ஃபேனைச் சுழற்றுகிறது. மொத்த நிலைமம் 21 கிலோகிராம் சதுர மீட்டர். முழு மின்னழுத்தத்தில் சராசரி முறுக்குவிசை 920, ஃபேனின் சராசரி எதிர்ப்பு 160 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சும் 760 நியூட்டன் மீட்டர்தான் வேகமெடுக்க உதவும். நேரம் ஏறத்தாழ 4 நொடி. ஸ்டாரில் மோட்டார் தருவது மூன்றில் ஒரு பங்கான 307. ஃபேன் கேட்கும் 160 அப்படியே இருப்பதால் எஞ்சுவது 147 மட்டும். நேரம் 22 நொடி. முறுக்குவிசை மூன்றில் ஒன்றானபோது நேரம் ஐந்து மடங்காகிவிட்டது! ரோட்டாரில் சேரும் வெப்பமும் சுமார் 305 கிலோஜூலிலிருந்து 525 கிலோஜூலுக்கு ஏறுகிறது. முன்பு சொன்ன நம்பிக்கை எப்படித் தவறாகிறது என்பதை இந்த இரண்டு எண்களில் பார்க்கலாம்.

ஸ்டார்-டெல்டா: மலிவானது, ஆனால் பிடிவாதமானது

வைண்டிங்குகளை முதலில் ஸ்டாரில் இணைத்துத் தொடங்கி, வேகம் வந்தபின் டெல்டாவுக்கு மாற்றுவதுதான் இதன் உத்தி. ஸ்டாரில் ஒவ்வொரு வைண்டிங்கும் 58% மின்னழுத்தம் பெறுகிறது. லைன் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்கு, முறுக்குவிசையும் மூன்றில் ஒரு பங்கு. நம் மோட்டாரில் 315 ஆம்பியர், 323 நியூட்டன் மீட்டர். முழுச்சுமையில் மூன்றில் இரண்டு பங்கு முறுக்குவிசை. மூடிய வால்வுடன் தொடங்கும் பம்புக்குத் தாராளம். நிரம்பிய கன்வேயருக்குப் போதாது. இந்த விகிதத்தை மாற்ற எந்தத் திருகும் இல்லை. பிடிவாதம் என்று நான் சொல்வது இதைத்தான்.

மூன்று காண்டாக்டர்கள் வேண்டும். மெயின், டெல்டா இரண்டும் லைன் மின்னோட்டத்தில் 58% தாங்க வேண்டும்: 78 ஆம்பியர். ஸ்டார் காண்டாக்டருக்கு 33% போதும்: 45 ஆம்பியர். ஏசி-3 (சாதாரண மோட்டார் தொடக்கம், நிறுத்தம்) பயன்பாட்டு வகையில் இந்த அளவுகளுக்கு மேல் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். மிகைச்சுமையில் மோட்டாரைத் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலேயை மெயின் காண்டாக்டருக்கு அடுத்து, மூன்று வைண்டிங்குகளின் தொடக்க முனைகளான யு1, வி1, டபிள்யு1-க்குப் போகும் கேபிளில் (இறுதி முனைகள் யு2, வி2, டபிள்யு2) வைத்தால் அது வைண்டிங் மின்னோட்டத்தைத்தான் பார்க்கும். எனவே 78 ஆம்பியரில் அமைக்க வேண்டும். 135-இல் அமைத்துவிட்டால் மோட்டாருக்குப் பாதுகாப்பே இல்லை. பேனல்களில் அடிக்கடி கண்ணில் படும் பிழை இது.

ஸ்டார், டெல்டா காண்டாக்டர்கள் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டால் மும்முனைக் குறுக்குச்சுற்று. ஒன்று மூடியிருக்கும்போது மற்றது மூடாமல் தடுக்கும் மின்வழி இன்டர்லாக்கும் இயந்திரவழி இன்டர்லாக்கும் இரண்டுமே வேண்டும். கூடவே ஸ்டார் திறந்ததும் தீப்பொறி அணைய ஏறத்தாழ 50 மில்லிநொடி இடைவெளி விடும் ஸ்டார்-டெல்டா டைமரையே பயன்படுத்துங்கள். சாதாரண டைமரால் அந்த இடைவெளியை உறுதியாகத் தர முடியாது.

அந்த 50 மில்லிநொடியில்தான் இந்த முறையின் பெரிய பலவீனம் ஒளிந்திருக்கிறது. மின்சாரம் துண்டிக்கப்பட்டாலும் ரோட்டாரில் காந்தப்புலம் உடனே மறைவதில்லை. சுழலும் மோட்டார் சிறிது நேரம் ஜெனரேட்டராகி, முனைகளில் எஞ்சிய மின்னழுத்தத்தை வைத்திருக்கும். வேகம் குறைவதால் அது வழங்கல் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கிக்கொண்டே போகும். டெல்டா மூடும்போது இரண்டும் பொருந்தாமல் மோதினால், நேரடித் தொடக்கத்தைவிடவும் பெரிய மின்னோட்டத் துடிப்பு ஒரு கணம் வந்து போகும். பிரேக்கர் காரணமில்லாமல் விழுகிறது என்று புகார் வருவது இந்தக் கணத்தில்தான்.

இதைக் குறைக்க ஒரு செலவில்லாத வழி உண்டு. டெல்டாவை இரண்டு விதமாக இணைக்கலாம். இரண்டிலும் மோட்டார் ஒரே திசையில்தான் சுழலும், அதனால் பலர் வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. முனைப்பெட்டியில் செங்குத்தாகப் பட்டைகள் போட்டால் யு1-டபிள்யு2, வி1-யு2, டபிள்யு1-வி2 என்று இணையும். வரும் மூன்று லைன்கள் எல்1, எல்2, எல்3 என்றால், எல்1-இல் தொடங்கும் வைண்டிங் எல்2-இல் முடிகிறது. இந்த அமைப்பில், ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாறும்போது வைண்டிங்கின் மின்னழுத்தம் 30 டிகிரி முன்னே தாவுகிறது. எஞ்சிய மின்னழுத்தமோ பின்னே நழுவிக்கொண்டிருக்கிறது. இடைவெளி விரிகிறது. மாறாக எல்1-இல் யு1, வி2; எல்2-இல் வி1, டபிள்யு2; எல்3-இல் டபிள்யு1, யு2 என்று இணைத்தால் வைண்டிங் மின்னழுத்தம் 30 டிகிரி பின்னே தாவி, நழுவி வரும் எஞ்சிய மின்னழுத்தத்தை எதிர்கொண்டு சந்திக்கிறது. துடிப்பு கணிசமாகக் குறையும். காண்டாக்டரால் மாற்றும் ஸ்டார்-டெல்டாவில் இரண்டாவது முறையையே பின்பற்றுங்கள்.

சுழற்சித் திசை தவறாக இருந்தால் வரும் லைனில் இரண்டு கம்பிகளை மாற்றிப்போடுவது எல்லோருக்கும் கைவந்த பழக்கம். இங்கே அப்படிச் செய்தால் நல்ல இணைப்பு கெட்ட இணைப்பாகிவிடும், ஏனெனில் ஃபேஸ் வரிசை தலைகீழாகிறது. மோட்டார் பக்கத்தில் இரண்டு வைண்டிங்குகளை முழுமையாக இடம் மாற்றுங்கள்: யு1-ஐ வி1-உடன், யு2-ஐ வி2-உடன்.

ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்: குறைந்த மின்னோட்டத்தில் நிறைந்த முறுக்குவிசை

மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில் 50%, 65%, 80% என டேப்கள் (இடைமுனைகள்) இருக்கும். லைன் மின்னோட்டமும் முறுக்குவிசையும் இரண்டுமே டேப்பின் வர்க்கத்தில் குறையும். 65% டேப்பில் நம் மோட்டார் முனையில் 614 ஆம்பியர் போகும்; லைனிலோ காந்தமூட்டும் மின்னோட்டம் நீங்கலாக 399 ஆம்பியர்தான். முறுக்குவிசை முழுச்சுமையில் 85%. 80% டேப்பில் அது 128% வரை போகும். ஸ்டார்-டெல்டா போதாமல் போகும் இடத்தில் டேப்பை மாற்றிக் கைகொடுப்பது இதன் சிறப்பு. 3 முனைகள் மட்டும் உள்ள மோட்டாருக்கும் பொருந்தும்.

மின்சாரம் இடையில் அறாமல் முழு மின்னழுத்தத்துக்கு மாற்றும் இணைப்பை மேக்ஸ் கார்ன்டார்ஃபர் வகுத்தார். 1908-இல் விண்ணப்பித்து 1914-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. வரிசை இப்படி:

1. ஸ்டார் புள்ளிக் காண்டாக்டர் மூடுகிறது.
2. லைன் காண்டாக்டர் மூடி, டேப் மின்னழுத்தத்தில் மோட்டார் தொடங்குகிறது.
3. வேகம் வந்ததும் ஸ்டார் புள்ளி திறக்கிறது. இப்போது சுருளின் மேல்பகுதி மோட்டாரோடு தொடராக நிற்கும் ரியாக்டர் (மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சுருள்) ஆகிறது, மின்சாரம் அறுபடவில்லை.
4. ஓட்டக் காண்டாக்டர் மூடி முழு மின்னழுத்தம் தருகிறது. பிறகு டிரான்ஸ்ஃபார்மர் விலக்கப்படுகிறது.

ஸ்டார் புள்ளியும் ஓட்டக் காண்டாக்டரும் சேர்ந்து மூடவே கூடாது. மூடினால் டிரான்ஸ்ஃபார்மருக்குக் குறுக்குச்சுற்று. இன்னொன்று, இந்த டிரான்ஸ்ஃபார்மர் தொடர்ந்து ஓட வடிவமைக்கப்பட்டதல்ல. மணிக்கு எத்தனை தொடக்கம், ஒவ்வொன்றும் எத்தனை நொடி என்று தகட்டில் இருக்கும். வெப்ப சுவிட்சைக் கட்டுப்பாட்டுச் சுற்றில் கட்டாயம் இணையுங்கள்.

தொடர் ரெசிஸ்டரும் ரியாக்டரும்

லைனில் தொடராக ஒரு தடையை வைத்து மின்னழுத்தத்தை விழச் செய்வது. மோட்டார் வேகமெடுக்க மின்னோட்டம் குறையும். அதனால் முனை மின்னழுத்தம் தானாகவே உயரும். வேகமேற்றம் மென்மையாக இருக்கும். குறை என்னவென்றால் லைன் மின்னோட்டம் விகிதத்தில்தான் குறைகிறது, முறுக்குவிசையோ வர்க்கத்தில். 65%-இல் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் லைனிலிருந்து 399 ஆம்பியர் கேட்ட அதே முறுக்குவிசைக்கு ரியாக்டர் 614 கேட்கும். ரெசிஸ்டர் வெப்பமாக வீணாக்கும். ரியாக்டர் திறன் காரணியை (பவர் ஃபேக்டர்) கெடுக்கும். உயர் மின்னழுத்த மோட்டார்களில் ரியாக்டர் இன்னும் மதிப்போடு இருக்கிறது. சிறிய மோட்டார்களில் சாஃப்ட் ஸ்டார்ட்டர் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது.

வைண்டிங்கின் ஒரு பாதியை மட்டும் முதலில் இணைக்கும் பகுதி-வைண்டிங் முறையும் உண்டு. அதற்கென்றே வடிவமைத்த மோட்டார் வேண்டும். குளிரூட்டும் கம்ப்ரசர்களோடு சேர்ந்தே வரும். நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டிய சந்தர்ப்பம் அநேகமாக வராது.

சாஃப்ட் ஸ்டார்ட்டர்: மென்மைக்கு ஒரு விலை

ஒவ்வொரு ஃபேஸிலும் எதிரெதிராக இணைத்த, தைரிஸ்டர் என்ற இரண்டு மின்னணு சுவிட்சுகள், அலையின் எந்தக் கட்டத்தில் கடத்தத் தொடங்க வேண்டும் என்பதை மாற்றி மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துகின்றன. தாவல் இல்லை, துண்டிப்பு இல்லை. பம்பை நிறுத்தும்போதும் மெல்ல இறக்கலாம். குழாயில் நீர் அடிக்கும் அதிர்ச்சியை இது வெகுவாகக் குறைக்கும். பம்ப் வேலைக்கு இந்த ஒரு காரணமே போதும் என்பேன்.

விற்பனைத் தாள்கள் உரக்கச் சொல்லாத ஒன்றும் உண்டு. சாஃப்ட் ஸ்டார்ட்டரில் லைன் மின்னோட்டமும் மோட்டார் மின்னோட்டமும் ஒன்றே. ரியாக்டரின் கணக்குதான் இதற்கும். நம் மோட்டாரில் மின்னோட்ட வரம்பை 4 மடங்கில் வைத்தால் மின்னழுத்தம் ஏழில் நான்கு பங்கு, முறுக்குவிசை முழுச்சுமையில் 65%. ஸ்டார்-டெல்டா கிட்டத்தட்ட அதே முறுக்குவிசையை 2.33 மடங்கு மின்னோட்டத்தில் தந்துவிடுகிறது. மின்வழங்கல் பலவீனமான இடத்தில், ‘நவீனமானது’ என்பதற்காக ஸ்டார்-டெல்டாவைக் கழற்றி சாஃப்ட் ஸ்டார்ட்டர் பொருத்தினால் விளக்குகள் முன்பைவிட அதிகமாக மங்கலாம்.

அமைப்புகளில் நான்கு முக்கியம்:

தொடக்க மின்னழுத்தம்: 30 முதல் 50% வரை. கட்டளை கொடுத்தவுடன் தண்டு அசைய வேண்டும். மின்னோட்டம் போகிறது, தண்டு நிற்கிறது என்றால் மோட்டார் சூடாவதைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை, கொஞ்சம் உயர்த்துங்கள்.

உயர்வு நேரம்: இது மின்னழுத்தம் உயரும் நேரம், மோட்டார் வேகமெடுக்கும் நேரம் அன்று. சுமை இலேசாக இருந்தால் 10 நொடி வைத்தாலும் 3 நொடியில் வேகம் வந்துவிடலாம்.

மின்னோட்ட வரம்பு: 3 முதல் 4 மடங்கு வழக்கம். மிகக் குறைத்து வைத்தால் மோட்டார் பாதி வேகத்தில் தொங்கும்.

உதைத் தொடக்கம்: ஒட்டிக்கொண்ட சுமையை அசைக்க ஒரு நொடிக்கும் குறைவாகக் கொடுக்கும் உயர் மின்னழுத்தம். தேவையில்லாமல் இயக்கினால், மென்மையாகத் தொடங்கத்தான் சாஃப்ட் ஸ்டார்ட்டர் வாங்கினோம் என்பதே பொருளற்றுப் போகும்.

ஓட்டத்தில் தைரிஸ்டர்கள் ஆம்பியருக்கு ஏறத்தாழ 3 வாட் வெப்பம் வெளிவிடும். 135 ஆம்பியருக்கு 400 வாட். தொடங்கியபின் மின்னோட்டத்தைத் தைரிஸ்டரைச் சுற்றி அனுப்பும் பைபாஸ் காண்டாக்டர் இல்லாமல் மூடிய பேனலில் வைக்க வேண்டாம். திறன் காரணிக் கெப்பாசிட்டரை ஸ்டார்ட்டருக்கும் மோட்டாருக்கும் இடையில் இணைக்கவே கூடாது, தைரிஸ்டர் போய்விடும். மோட்டாரை மெக்கரால் (காப்புத் தடை அளக்கும் மீட்டர்) சோதிக்கும்போது ஸ்டார்ட்டரைக் கழற்றிவிடுங்கள். நிறுத்திய நிலையிலும் தைரிஸ்டர் வழியே கசிவு இருக்கும் என்பதால் முனைகளைத் தொடும் முன் மேலே உள்ள ஐசொலேட்டரை (மின்துண்டிப்பு சுவிட்ச்) திறந்து பூட்டியாக வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

டிரான்ஸ்ஃபார்மர் பெரியது, சுமை முரண்டு பிடிக்காது என்றால் நேரடித் தொடக்கமே சிறந்தது. மின்வாரியத்தின் வரம்பும் இயந்திரமும் அனுமதித்தால் அதைவிட எளியது இல்லை. வீணாகச் சிக்கலாக்க வேண்டாம். இலேசாகத் தொடங்கும் சுமை, எப்போதாவது ஒரு தொடக்கம், குறைந்த செலவு என்றால் ஸ்டார்-டெல்டா. பலவீனமான வழங்கலில் கனத்த சுமை என்றால் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். குழாய், பெல்ட், கியர் ஆகியவற்றைக் காப்பாற்றுவதே முதல் தேவை என்றால் சாஃப்ட் ஸ்டார்ட்டர். முதல் சுற்றிலேயே முழு முறுக்குவிசை வேண்டும், மின்னோட்டமும் ஏறக் கூடாது என்றால் மின்னழுத்தத்தை மட்டும் குறைக்கும் எந்த முறையும் உதவாது. அங்கே அதிர்வெண்ணையும் சேர்த்துக் குறைக்கும் வி.எஃப்.டி. (அதிர்வெண் மாற்றி) தான் வழி, முழுச்சுமை மின்னோட்டத்தைப்போல் 1 முதல் 1.5 மடங்குக்குள் முழு முறுக்குவிசையை அது தந்துவிடும்.

முதல் ஓட்டம்: ஸ்டார்-டெல்டா பேனலுக்கான வரிசை

1. ஐசொலேட்டரைத் திறந்து பூட்டுங்கள். மின்னழுத்தம் இல்லை என்பதை மீட்டரால் உறுதிசெய்யுங்கள். முனைப்பெட்டியில் உள்ள பித்தளைப் பட்டைகளை எல்லாம் கழற்றுங்கள். ஒன்றை மறந்தாலும் முதல் தொடக்கத்திலேயே குறுக்குச்சுற்று.

2. மூன்று வைண்டிங்குகளின் தடையும் சமமா, ஒவ்வொன்றுக்கும் தரைக்கும் இடையே, ஒன்றுக்கொன்று இடையே காப்பு நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். 400 வோல்ட் மோட்டாருக்கு 500 வோல்ட் மெக்கர் போதும்.

3. ஆறு கேபிள்களுக்கும் இரு முனையிலும் எண் ஒட்டி, தொடர்ச்சி பாருங்கள். ஒரு வைண்டிங்கின் இரு முனைகளும் இடம் மாறியிருந்தால் மோட்டார் உறுமும், மின்னோட்டம் மூன்று ஃபேஸிலும் ஒத்துப்போகாது.

4. மோட்டாருக்கு மின்சாரம் செல்லும் முதன்மைச் சுற்றை இணைக்காமல் கட்டுப்பாட்டுச் சுற்றுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, காண்டாக்டர்களின் வரிசையைக் கண்ணால் பாருங்கள்: ஸ்டார், மெயின், ஸ்டார் விலகல், இடைவெளி, டெல்டா. ஸ்டார் மூடியிருக்கும்போது டெல்டாவைக் கையால் அழுத்திப் பார்த்தால் இயந்திர இன்டர்லாக் தடுக்க வேண்டும்.

5. டைமரைத் தாராளமாக, 15 நொடியில் வைத்து, சுமையோடு தொடங்குங்கள். லைனில் கிளாம்ப் மீட்டர். மின்னோட்டம் உயரத்தில் சிறிது நேரம் நின்று, பிறகு சட்டென்று சரியும். சரிந்து நிலைத்த நேரத்தோடு ஒரு நொடி சேர்த்து டைமரை அமையுங்கள். பழைய பேனலில் இருந்த எண்ணை அப்படியே எடுத்துப் போடுவது வேலைக்கு ஆகாது.

6. மின்னோட்டம் சரியவே இல்லை, வேகம் 75 அல்லது 80 சதவீதத்தில் நின்றுவிட்டது என்றால் நிறுத்துங்கள். அங்கே டெல்டாவுக்கு மாற்றினால் கிட்டத்தட்ட நேரடித் தொடக்க மின்னோட்டமே பாயும். ஸ்டாரில் கழித்த நொடிகளால் மோட்டார் சூடானதுதான் மிச்சம். சுமையைக் குறையுங்கள், அல்லது முறையை மாற்றுங்கள்.

7. முழுச்சுமையில் ஓடவிட்டு மூன்று ஃபேஸ் மின்னோட்டத்தையும் எழுதிவையுங்கள். பின்னாளில் கோளாறு தேடுபவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

கோளாறுகள் சில

தொடங்கும்போதே ஓவர்லோடு விழுகிறது என்றால், உடனே அமைப்பை ஏற்றிவிடாதீர்கள். அமைப்பு சரியான எண்ணில் இருந்தால், ரிலேயின் வகுப்பைப் பாருங்கள். 7.2 மடங்கு மின்னோட்டத்தில் 10-ஆம் வகுப்பு 10 நொடிக்குள்ளும், 20-ஆம் வகுப்பு 20 நொடிக்குள்ளும், 30-ஆம் வகுப்பு 30 நொடிக்குள்ளும் விழ வேண்டும். நம் ஃபேன் ஸ்டாரில் 22 நொடி எடுத்தது. அந்த நேரம் முழுவதும் வைண்டிங்கில் 4 மடங்கு ஓடியது. 10-ஆம் வகுப்பு ரிலே அதைத் தாங்காமல் விழக்கூடும். மோட்டார் அந்த நேரத்தைத் தாங்கும் என்று தரவுத்தாள் சொன்னால் மட்டும் உயர்ந்த வகுப்புக்குப் போங்கள்.

டெல்டாவுக்கு மாறும்போது மட்டும் பிரேக்கர் விழுகிறதா? டைமர் முன்கூட்டியே மாற்றுகிறதா, டெல்டா எந்த வகையில் இணைந்திருக்கிறது, மோட்டார் முனையில் திறன் காரணிக் கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று இதே வரிசையில் பாருங்கள். அந்தக் கெப்பாசிட்டர் இடைவெளி நேரத்தில் மோட்டாரின் எஞ்சிய மின்னழுத்தத்தை வளர்த்துவிடும். அதை மெயின் காண்டாக்டருக்கு முன்னால் மாற்றுங்கள்.

மோட்டார் சில நாள் நன்றாகத் தொடங்குகிறது, சில நாள் தொங்குகிறது என்றால் தொடங்கும் கணத்தில் முனை மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். வழங்கல் 10% குறைந்தாலே முறுக்குவிசை 81% ஆகிவிடும்; ஸ்டாரில் ஏற்கெனவே மெலிந்திருப்பதிலிருந்து இன்னும் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. நீண்ட, மெல்லிய கேபிள் தரும் தொல்லையும் இதே வடிவில்தான் வரும்.

இப்படித் தேடும்போது, மீண்டும் மீண்டும் தொடக்கப் பொத்தானை அழுத்தும் ஆசை வரும். சர்வதேச மின்தொழில்நுட்பத் தரம், குறிப்பிட்ட நிலைமத்துக்குள் உள்ள சுமையோடு, குளிர்ந்த மோட்டாருக்கு அடுத்தடுத்து இரண்டு தொடக்கங்களையும் சூடான மோட்டாருக்கு ஒன்றையும் மட்டுமே கணக்கில் கொள்கிறது. மூன்றாவது முறை அழுத்தும் முன் மோட்டாரை ஆறவிடுங்கள்.